சுவருக்கு அந்தப் பக்கத்துக் குண்டு பல்பு

முன்சீட்டில் ரெண்டு வழுக்கை தெரிகிறதுல்லா அக்கா? ஒன்று துடைத்து வைத்த மாதிரி பளபளவென்று இருக்கும், இன்னொன்றில் ஓரமாகக் கொஞ்சம் பயிர் உண்டு. பயிர் வைத்தவர் எங்கப்பா, நெல்லைநாயகம். பளபளப்பு எங்க பெரியப்பா, குற்றாலிங்கம். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஹாஸ்டலில் தள்ளுவதற்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நாமக்கல் பக்கம். எந்த ஹாஸ்டல் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்க ‘அய்யோ பாவம்’ என்பீங்க, எனக்கு அது பிடிக்காது.

நீங்க இப்போதானே திண்டுக்கல்லில் ஏறினீங்க. நாங்க அம்பாசமுத்திரத்துக்காரங்க. திருநெல்வேலியில் இந்த வண்டிக்கு மாறினதிலிருந்து அந்த ரெண்டு வாயும் மூடவில்லை. பத்து வருஷமாக ஒருத்தர் மூஞ்சியில் ஒருத்தர் முழிக்காதவங்க அக்கா அவங்க! அந்தப் பேச்சையெல்லாம் இந்த ஒரே பஸ்ஸில் பேசித் தீர்த்துவிடுவது என்று கிளம்பியிருக்கிறார்கள். சேர்த்து வைத்தது யாருங்கிறீங்க? நான்தான். அதற்கு என்ன பரிசு கிடைத்தது என்று மேலே பாருங்க. நீலக் கலர் டிரங்குப் பெட்டி.

நீங்க சேலம் வரைக்குமா? நல்லதாப் போச்சு. கேளுங்க.

என் பேர் ஆவுடை. சிரிக்காதீங்க, ஆச்சி பேரு. பேரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. குரலை மட்டும்தான் நான் தேர்ந்தெடுப்பேன். மிமிக்ரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மிமிக்ரி பண்ணுகிறவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடிகர் மாதிரி நாலு வார்த்தை பேசுவான். நான் அப்படி இல்லை, அந்த ஆளாகவே ஆகிவிடுவேன். எங்க எச்எம் குரலில் ஒருநாள் வராண்டாவில் நின்று, “கேர்ள்ஸ்! கடைசிப் பீரியட் கிடையாது, சத்தம் போடாமக் கெளம்புங்க” என்று சொன்னேன். நாலு வகுப்பு கிளம்பிப் போய்விட்டது. எச்எம்மே ஹேண்ட்பேகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதை மட்டும் நான் நம்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்க வீடு தெருவில் ஆரம்பித்துப் பின்னால் வாய்க்கால் வரைக்கும் ரயில்பெட்டி மாதிரி நீளம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரித்தபோது நடுவில் நீளவாக்கில் ஒரு சுவரை எழுப்பிவிட்டார்கள். அதில் மாடிப்படி பெரியப்பா பக்கம் போய்விட்டது. சண்டை அதுக்குத்தான். மொட்டைமாடி பாதி எங்களுக்கு உண்டு, ஆனால் ஏறிப் போகப் படி கிடையாது. அப்பா ஒரு இரும்பு ஏணி வாங்கிப் பின்பக்கம் சாத்தினார். தண்ணித்தொட்டி கழுவ ஏறும்போதெல்லாம் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வசவு. எனக்கு அப்போ அஞ்சு வயசு. ஏணியில் நின்று அப்பா எப்படித் திட்டுவார் என்று கேட்டால் அச்சு அசலாகச் செய்து காட்டுவேன்.

கரண்டையும் அப்போதுதான் பிரித்தார்கள். எலக்ட்ரீசியன் மாசானம் மாமா வந்து எங்களுக்குத் தனி மீட்டர், தனி லைன் போட்டார். தாத்தா காலத்து ஒயரிங், மரப்பட்டைக்குள் ஓடும், கறுப்பு உருண்டை சுவிட்சு, தட்டினால் டக்கென்று தெருமுனைக்குக் கேட்கும். ரெண்டு பக்கமும் நிம்மதியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

போன மாசிக்கு அம்மாவுக்குக் கிரைண்டரில் ஷாக் அடித்தது. லேசாகத்தான். ஆனாலும் அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெரு டாக்டரே வந்துவிட்டார். உடனே அப்பா மாசானம் மாமாவைக் கூப்பிட்டு ஒரு ட்ரிப்பர் பெட்டி வைக்கச் சொன்னார். மாசானம் மாமா எப்படிப் பேசுவார் தெரியுமா? மூக்கால் பாதி, நெஞ்சால் பாதி.

“நாயகம் சார், இது சாதாப் பெட்டி இல்ல. உயிர் காக்குத பெட்டி. வீட்டுக்குள்ள எவ்வளவு கரண்டு போகுதோ, அவ்வளவு கரண்டு திரும்பி வரணும். அத இது கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டுப் பாக்கும். ஒரு இம்மி கொறஞ்சாலோ கூடுனாலோ, எவன் ஒடம்பு வழியாவோ போகுதுன்னு அர்த்தம். டப்! மொத்த வீட்டையும் அமத்திரும். நீங்க பொழச்சுக்கிடுவீங்க.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். “இந்தா, இதுல ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கு. மாசம் ஒருதரம் அமுக்கிப் பாத்துக்கிடணும்” என்று என் முன்னாலேயே காட்டினார். சொல்லுங்க அக்கா, தப்பு யார் மேலே?

முதல் வாரம் நான் அமுக்கினேன். இல்லையென்று சொல்லவில்லை. அம்மா சீரியலில் மருமகள் மாமியாரைப் பார்த்து “நான் யார் தெரியுமா?” என்று திரும்பினாள். டப்! அப்பா மிக்சியைத் தானே ரிப்பேர் பண்ணிவிட்டதாகச் சொல்லி, “இப்பப் பாரு” என்று சுவிட்சில் கை வைத்தார். டப்! அந்த மூஞ்சியைப் பார்த்திருக்கணும். ரெண்டு நாள் மிக்சியைத் திரும்பப் பிரித்துக்கொண்டு இருந்தார்.

அப்புறம் பிடிபட்டேன். காதைத் திருகினார். விட்டுவிட்டேன். நிஜமாகவே விட்டுவிட்டேன் அக்கா. ஒரே வேடிக்கையை எத்தனை தடவை பண்ணுவது, எனக்கே சலித்துவிட்டது.

ஆனால் கரண்டு விடவில்லை. தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு டப்பென்று அணையும். அப்பா போய்த் தூக்கிவிடுவார், உடனே விழும். தூக்குவார், விழும். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினால் ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும். வெள்ளிக்கிழமையானால் விடிகாலையிலும் ஒருதரம். நான் டியூசன் முடிந்து வருவதும் அதே விளக்கு வைக்கிற நேரம்தானா? அப்புறம் கேட்கணுமா?

“ஏட்டி ஆவுடை!”

“நான் இல்லப்பா.”

“நீ வீட்டுக்குள்ள கால வச்ச, கரண்டு போச்சு. நீ இல்லாம, தெருவுல போற நாயா வந்து அமுக்குச்சு?”

“அப்பா, நான் இப்பத்தான் செருப்பையே கழட்டுதேன்.”

“கழட்டு கழட்டு. அந்தச் செருப்பாலதான் வாங்கப்போறே.”

நான் பாத்ரூமில் இருந்தாலும் நான்தான். சைக்கிளோடு வாசலில் நின்றாலும் நான்தான். நூல் கட்டி இழுக்கிறேன் என்று அம்மா பெட்டியைச் சுற்றி நூல் தேடினாள். எனக்கே அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது, முன்னமே தோன்றவில்லையே என்று வருத்தம்.

மாசானம் மாமாவைக் கூப்பிட்டார்கள். மனுஷர் பட்டப்பகலில் வந்தார். பட்டப்பகலில் எங்க வீட்டுக் கரண்டு உத்தமி. ஃபிரிட்ஜைப் பிடுங்கிப் பார்த்தார், மோட்டாரைப் பிடுங்கிப் பார்த்தார், கிரைண்டரைக் கவிழ்த்துப் பார்த்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, “ஒயரிங்ல ஒரு குத்தமும் இல்ல சார். குத்தம் வேற எடத்துல” என்று சொல்லி என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க. நீதிபதி தூக்குத்தண்டனை எழுதிவிட்டுப் பேனாவை மூடுவாரே, அப்படி.

அன்றைக்குத்தான் அப்பா சொன்னார். “இன்னும் ஒருதரம் வெளக்கு வைக்கிற நேரத்துல இந்த வீடு இருண்டுச்சுன்னா, நாமக்கல் ஹாஸ்டல். அங்க டெஸ்ட் பட்டன் கெடையாது. டெஸ்ட் மட்டும்தான்.”

அப்பாவுக்கு இவ்வளவு நல்ல வசனம் வரும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

எனக்கு ஹாஸ்டல் ஆகாது அக்கா. வார்டன், மணி, வரிசை, பேசாதே. பேசாதே! நான் பேசாமல் இருந்தால் செத்துப்போவேன். அதுவும் எனக்கு ஒரு குரல் இல்லை, முப்பது நாற்பது குரல் இருக்கிறது. அத்தனை பேரையும் பட்டினி போட வேண்டியிருக்கும்.

மறுநாள் டியூசனுக்குப் போகவில்லை. பின்னங்கட்டில் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். அங்கே எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா பூஜை ரூம். விளக்கு வைக்கிறதுக்குப் பெரியம்மா வருகிற சத்தம் ஒன்றுவிடாமல் கேட்கும். ஒரு இருமல். “ஈஸ்வரா, இந்த முட்டு...” என்று ஒரு முனகல். பலகை இழுபடுகிற சத்தம். வளையல். அப்புறம் அந்தப் பழைய சுவிட்சு, டக். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்து, கூடவே பெரியம்மாவாகப் போய்க்கொண்டிருப்பேன். இருமுகிற இடத்தில் இருமி, முனகுகிற இடத்தில் முனகி, வளையலைக்கூட நாக்கில் ஆட்டிவிடுவேன். பெரியம்மாவோடு பேசக்கூடாது என்றுதானே சொன்னார்கள்? பெரியம்மாவாக இருக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

அன்றைக்கும் இருமினேன், முனகினேன், பலகை இழுத்தேன், வளையல். டக் என்று நாக்கைத் தட்டினேன்.

டப்!

வீடு இருட்டு.

முதலில் எனக்கே பயமாகிவிட்டது அக்கா. என் குரலுக்கு அவ்வளவு சக்தி வந்துவிட்டதோ என்று. உள்ளே அப்பா “ஏட்டி!” என்கிறார். பெட்டியைத் தூக்கிவிடுகிறார். உடனே விழுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா, “இந்தச் சனியன் பிடிச்ச பல்பு கண்ணச் சிமிட்டுதே” என்று சுவிட்சை அணைக்கிறாள். டக். அப்பா மறுபடி தூக்குகிறார். இப்போது விழவில்லை!

புரிந்துவிட்டது. பெரியம்மா வீட்டு பல்பைப் போட்டால் எங்க வீடு அணைகிறது. அணைத்தால் எங்க வீடு நிற்கிறது. ஏன் என்று தெரியாது. ஆனால் யார் என்று தெரிந்துவிட்டது. குற்றவாளிக்கு முட்டுவலி.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். சொன்னேனா? அவர் கேட்டாரா?

“அவங்க வீட்டு லைட்டுக்கும் நம்ம வீட்டு மீட்டருக்கும் என்னளா சம்பந்தம்? அவங்களுக்கும் நமக்கும் ஒண்ணுமே கெடையாது. எல்லாம் பிரிச்சாச்சு.”

மாசானம் மாமாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது. “மீட்டர் வேற, லைன் வேற சார். இந்தக் கையால நானே பிரிச்சேன். பிள்ள கத விடுது.”

அம்மாவோ, “போதும் ஆவுடை. அந்த வீட்ட இழுத்து ஒரு சண்டைய மூட்டாத” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடில்தான் அன்றைக்கு ஹாஸ்டல் தப்பியது.

அந்தப் பக்கத்திலும் சும்மா இல்லை. பல்பு கண்ணைச் சிமிட்டுவதற்கு நான்தான் என்னமோ பண்ணுகிறேன் என்று பெரியம்மா தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ரெண்டு வீட்டுக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் குற்றவாளி நான் என்பதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை விடிகாலையில் வீடு மறுபடி இருண்டது. அப்பா நேரே ஹாஸ்டலுக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை கொண்டு வந்து விடச் சொல்லிவிட்டார்கள். நான் ‘கொண்டு வந்து விட’ மூட்டையா, சொல்லுங்க.

அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “பிள்ளைய அனுப்புததுக்கு முன்னால ஒரே ஒருதரம் மாசானத்தக் கூட்டிப் பாத்துருவோம்” என்று அழுதாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். எப்போது? பட்டப்பகலில்! அந்த நேரத்தில் பெரியம்மா பல்பு எரியாது. மாசானம் மாமா பார்த்துவிட்டு ‘ஒரு குத்தமும் இல்ல’ என்று சொல்லுவார். நான் திங்கட்கிழமை மூட்டை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இப்போது, இந்த நிமிஷம், அந்தப் பக்கம் யாராவது சுவிட்சைப் போடணும். யார் சொன்னால் போடுவார்கள்? நான் சொன்னால் கதவைச் சாத்துவார்கள். அம்மா சொல்ல மாட்டாள். அப்பா சொல்லவே மாட்டார்.

அப்பா சொல்ல மாட்டார்தான். அப்பா குரல் சொல்லலாம்ல?

அப்பாவும் மாசானம் மாமாவும் முன்கட்டில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் பின்னங்கட்டுக்குப் போனேன். அங்கே சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்து ஓட்டை உண்டு. தொண்டையைச் சரி பண்ணினேன். அப்பா குரல் ஒன்றும் கஷ்டமில்லை. வயிற்றிலிருந்து எடுத்து, பாதி வழியில் கோபப்பட்டு, கடைசியில் கொஞ்சம் இழுக்கணும்.

“அண்ணே! ஏ அண்ணே!”

அந்தப் பக்கம் பேப்பர் மடிக்கிற சத்தம்.

“யாரது?”

“நாந்தாண்ணே, நாயகம்.”

ஒரு கொக்கு வாய்க்காலில் இறங்கினதுகூடக் கேட்டது.

“நாயகமா?” என்றார் பெரியப்பா.

“ஆமாங்கேம்லா! பூஜை ரூம் லைட்டக் கொஞ்சம் போடச் சொல்லுங்கண்ணே. மாசானம் வந்திருக்கான், லைன் பாக்கணும்.”

ஓட்டை வழியாகப் பார்த்தேன். பெரியப்பா துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு நிற்கிறார், தோள் ரெண்டும் குலுங்குகிறது. பாவம், அழுகிறார். பத்து வருஷம் கழித்துத் தம்பி ‘அண்ணே’ என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் தாங்கும்? எனக்கே கொஞ்சம் ஒருமாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஒன்று சொல்லணும், என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த சிறந்த குரல் அதுதான். கூடப் பிறந்த அண்ணனே ஏமாந்துவிட்டார் பாருங்க!

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார், “சரி தம்ப்பீ. போடச் சொல்லுதேன் தம்ப்பீ.” அந்தத் தம்பியில் மட்டும் ஒரு அழுத்தம். உணர்ச்சி.

உள்ளே பெரியம்மாவிடம் ஏதோ சொன்னார். டக்.

முன்கட்டில் டப்!

நான் ஒரே ஓட்டமாக ஓடி முன்கட்டுக்கு வந்தேன். பெட்டி முன்னால் அப்பா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். மாசானம் மாமா கையில் வெற்றிலை. பெட்டியை யாருமே தொடவில்லை. தானாக விழுந்துகிடக்கிறது.

“பட்டன யாரும் தொடலயே” என்றார் மாசானம் மாமா, ஆவியைப் பார்த்த மாதிரி.

“அதான் நான் இத்தன நாளாச் சொல்லுதேன்” என்றேன்.

அவர் மெயினையும் இறக்கிவிட்டு, வீட்டிலிருந்து பெட்டிக்குக் கரண்டு திரும்பி வருகிற நியூட்ரல் ஒயரில் டெஸ்டரை வைத்தார். மெயின் இறங்கியிருக்கிறது, வீட்டில் ஒரு சொட்டுக் கரண்டு கிடையாது. டெஸ்டர் எரிகிறது! வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டார். “சார், மெயின் ஆஃப். டெஸ்டர் எரியுது. இது என்ன சார் அநியாயம்?”

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு மேலே ஒரு குரல் வந்தது.

“தம்ப்பீ! போட்டாச்சு! ஆனா பல்பு சிமிட்டிட்டு அணைஞ்சுபோச்சே தம்ப்பீ! இன்னும் எதும் போடணுமா?”

அப்பாவுக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. “நிறுத்துட்டி ஒன் நாடகத்த! அந்த ஆளு சாகப்போகும்போதுகூட என்னத் தம்பின்னு கூப்பிட மாட்டாரு!” என்று கத்திக்கொண்டே திரும்பினார்.

நான் அவர் முன்னால்தான் நிற்கிறேன். ஒரு முழ தூரத்தில். வாயை இறுக்கி மூடிக்கொண்டு.

“கேக்கலயா தம்ப்பீ?” என்கிறது சுவர்.

அப்பா என் வாயைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். திரும்ப என் வாயைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே உதட்டை விரலால் கிள்ளிப் பிடித்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் பெரியப்பா தெருப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு எங்க வாசலுக்கே வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிலைப்படிக்கு வெளியே நின்றார். உள்ளே வரலாமா என்று தெரியவில்லை போல. அப்பாவும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“டெஸ்டர் எரியுதோ?” என்றார் பெரியப்பா.

“எரியுது” என்றார் அப்பா. அப்புறம், “உள்ள வாங்க அண்ணாச்சி.”

அண்ணாச்சியாம்! பத்து வருஷத்தில் மரியாதை அவ்வளவு கூடிப்போயிருக்கிறது பாருங்க.

மாசானம் மாமா பரணில் ஏறினார். தாத்தா காலத்து மரப்பெட்டி ஒன்று பல்லி முட்டையோடு இருந்தது. திறந்து பார்த்துவிட்டு மேலிருந்தே உபன்யாசம் ஆரம்பித்தார். “பெரியவரே, ஒங்க பூஜை ரூம் லைட்டுக்குப் போற கரண்டு ஒங்க மீட்டர்ல இருந்துதான் போகுது. திரும்பி வர்றது மட்டும் தம்பி வீட்டு நியூட்ரல் வழியா வருது. இத்தன வருஷம் யாரும் கேக்கல, வந்துக்கிட்டு இருந்துச்சு. இப்பப் புதுப்பெட்டி இருக்குல்லா? அது பாக்குது. நான் அனுப்பாத கரண்டு எங்கிட்ட வருதே, யாருல நீ? டப்! கதவச் சாத்திருது. பெட்டி மேல தப்பே இல்ல. எந்தக் கத்துக்குட்டிப் பய பிரிச்சானோ, அந்த லைட்டு நியூட்ரலத் தம்பி வீட்டு நியூட்ரலோட முறுக்கி டேப் சுத்தி வச்சிருக்கான்.”

“நீதாம்ல பிரிச்சே” என்றார் பெரியப்பா.

பரணில் பெட்டி மூடுகிற சத்தம் கேட்டது.

“சொவத்தத் தொளைக்கச் சோம்பப்பட்டு, பூஜை ரூம மட்டும் அப்புறமாப் பாக்குதேன்னு போனே. ஞாபகம் இருக்கா?”

பரணிலிருந்து மூக்கால் பாதி நெஞ்சால் பாதி ஒரு குரல் வந்தது. “நான் அன்னைக்கே நெனச்சேன், நியூட்ரலாத்தான் இருக்கும்னு.”

அப்பா சிரித்துவிட்டார் அக்கா. பெரியப்பாவும் சிரித்தார். ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு, ஹுக்கு ஹுக்கு என்று. எனக்கு அதுவரைக்கும் அது தெரியாது. அதை நான் இன்னும் எடுத்துப் பழகவில்லை. ஒரே நேரத்தில் ரெண்டு தொண்டை வேணும் அதற்கு.

பூஜை ரூமுக்குத் தனியாக ஒயர் இழுத்தாச்சு. பெரியம்மா டக்கென்று போட்டாள். குண்டு பல்பு ஜம்மென்று எரிந்தது. எங்க பெட்டி அசையவில்லை. நான் நடுக்கூடத்தில் நின்று ஜட்ஜ் குரலில், “குற்றம் நிரூபிக்கப்படாததால் ஆவுடை விடுதலை செய்யப்படுகிறாள்” என்று தீர்ப்பு வாசித்தேன். அம்மா கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். கதை அங்கே முடிந்திருக்கணும், இல்லையா?

பெரியப்பா காப்பி குடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார், “நாயகம் கூப்பிட்டானேன்னுதான் நான் வந்தது.”

“நான் எங்க கூப்பிட்டேன்?” என்றார் அப்பா.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அப்போதுதான் பாவம் பெரியப்பாவுக்கே விஷயம் தெரிகிறது. ஆனாலும் அதிர்ச்சியை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, பெரிய மனுஷர். “அண்ணேயாம்ல! ஏ அண்ணேயாம்!” என்று தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தார். புரை ஏறி, மூக்கு வழியாகக் காப்பி வந்துவிட்டது. ஏமாந்தது அவ்வளவு பாதித்திருக்கிறது.

அப்பாவோ எழுந்துவிட்டார். “இன்னைக்கு என் குரலு. நாளைக்கு எவன் குரல எடுத்து எங்க என்ன பேசுவாளோ! திங்கக்கிழம போறது போறதுதான்.”

சரி, பெரியப்பா நமக்காகப் பேசுவார் என்று அவரைப் பார்த்தேன். சேர்த்து வைத்தவள் நானில்லையா? அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நல்ல யோசனதான் நாயகம். இங்க இருந்தா வாய்தான் வளரும். நானும் கூட வாறேன், ரெண்டு பேராப் போயி விட்டுட்டு வருவோம்.”

துரோகம்!

அப்புறம் ஒரே கல்யாண வீடு மாதிரி. எந்தப் பஸ், எந்த வழி என்று ரெண்டு பேரும் தலையோடு தலை முட்டி உட்கார்ந்துவிட்டார்கள். பெரியம்மா பாசிப்பயறும் கருப்பட்டியும் உருட்டி முந்திரிக்கொத்து செய்தாள். அம்மாவும் அவளும் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டே பத்து வருஷத்து ஊர்வம்பை அலசினார்கள். என்னை அனுப்புவதில் அந்த வீட்டில் அன்றைக்கு இருந்த சந்தோஷம் தீபாவளிக்குக்கூட இருந்ததில்லை.

ஆனால் நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதீங்க. கொஞ்சம் இப்படிச் சாயுங்க, காதில் சொல்கிறேன்.

இவங்க ரெண்டு பேரும் ஒன்றாக இருக்கிறதால்தானே நான் போகிறேன்? சேர்த்து வைத்தவளுக்குப் பிரித்து வைக்கத் தெரியாதா? ஒரே ஒரு வரி போதும். பெரியப்பா குரலில். தயாராக இருக்கிறது. மெதுவாக எடுத்துக் காட்டுகிறேன், கேளுங்க.

“மாடிப்படிய மட்டும் ஒனக்கு விட்டுருந்தேன்னா, அதையும் வித்துத் தின்னுருப்பே நாயகம்.”

எப்படி? அசல்லா? உங்களுக்கே பகீரென்றது பாருங்க. இது அப்பா காதில் விழுந்தால் போதும். கரூரில் இறங்கி, பெட்டியையும் என்னையும் இறக்கி, அடுத்த வண்டியில் அம்பாசமுத்திரம். ஹாஸ்டல் எல்லாம் மறந்தே போய்விடும்.

இப்போது பாருங்க, பெரியப்பா தூங்கிவிட்டார். வாய் வேறு திறந்திருக்கிறது. இதைவிட வசதி கிடைக்குமா? தூக்கத்தில் உளறுவதுதான் மனசில் இருப்பது என்று அப்பா நினைப்பார். ஒரு கண்ணு மட்டும் முழுசாக மூடவில்லை, அவருக்கு எப்பவும் அப்படித்தான் போல. இருங்க, எந்திரிச்சு அவர் சீட்டுக்குப் பின்னால் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க.

என்னக்கா? இல்லை, சொல்லவில்லை. போனேன், குனிந்தேன். அப்பா தன் துண்டை நாலாக மடித்து அவர் தலைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வண்டி குலுங்கும்போது மண்டை இடிக்குதாம். அந்த நேரத்தில் நான் பேசினால் துண்டை விட்டுவிடுவார், பெரியப்பா மண்டை போய்க் கம்பியில் இடிக்கும். வயசான மனுஷர். அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

தொண்டை வேறு கட்டின மாதிரி இருக்கிறது. தண்ணி இருக்கிறதா? இந்தக் காத்து எனக்கு ஆகவில்லை. கரூர் வரட்டும், வண்டி நிற்கும்போது தெளிவாகச் சொல்லணும்.

இதுதான் கரூரா? சே, எவ்வளவு கூட்டம் ஏறுகிறது. இந்தச் சத்தத்தில் சொன்னால் அப்பாவுக்குக் கேட்காது. குரலை வீணாக்கக்கூடாது. கிளம்பட்டும். ஊர் தாண்டினதும் சொல்லிவிடுகிறேன், நீங்களே பாருங்க.

முழித்துவிட்டார்! தூக்கு வாளியைத் திறக்கிறார்கள். முந்திரிக்கொத்து. அப்பா என்ன சொல்கிறார் கேட்டீங்களா? “அண்ணாச்சி, மொதல்ல பிள்ளைக்குக் குடுங்க.” பெரியப்பா, “அவளுக்கு ரெண்டாக் குடுக்கேன். அந்த வாய் கொஞ்சம் ஓஞ்சு கெடக்கட்டும்” என்கிறார். ரெண்டு பேரும் ஹுக்கு ஹுக்கு.

தாங்க பெரியப்பா. அக்காவுக்கும் ஒண்ணு. எடுத்துக்கிடுங்க அக்கா, பெரியம்மா கைப்பக்குவம், பல்லைப் பதம் பார்க்கும். ரெண்டையும் ஒரேயடியாப் போட்டுட்டேன். ம்ம். இத மெல்லாம எந்தக் குரலும் வராது. மென்னு முழுங்கினதும் சொல்லுதேன். ஒரு வரிதானே. எவ்வளவு நேரம் ஆகும்? ம்ம்.

“நாமக்கல் எல்லாம் எறங்கு! நாமக்கல், நாமக்கல்! பெட்டி படுக்கைய எடுத்துட்டு முன்னால வா!”

அது நான் இல்லக்கா, கண்டக்டர்தான். சத்தியமா நான் இல்ல, வாயப் பாருங்க.